முகம் எழுதாத பட்டாபிஷேகம்

1

இந்தக் கதை ஒரு கஞ்சிப் பாத்திரத்தில் பிறந்தது.

"ஆறிடிச்சி. குடிச்சிட்டு எழுதுங்க" என்றாள் தையலம்மாள்.

"ராமருக்குக் கிரீடம் வெச்சிட்டு வர்றேன்டி. பதினாலு வருசம் காத்திருந்த மனுசன். உன் கஞ்சி செத்த நேரம் காத்திருக்காதா?" என்றார் அவள் கணவர், படம் எழுதும் ஏகநாதன்.

கிரீடம் முடிந்தது. மறுநாள் வாந்திபேதியில் அவர் போய்விட்டார்.

(தையலம்மாள் நான்தான். 'நான்' என்று எழுதினால் வரி நகரமாட்டேன் என்கிறது. அதனால் அவளை முன்னே அனுப்புகிறேன்.)

2

1934இல், பாகூர் ஏரிக்கரையில்... வேண்டாம், அடித்துவிட்டேன்.

கண்ணாடியில் படம் எழுதுவது தலைகீழ் வேலை. பின்பக்கம் எழுதி, முன்பக்கம் பார்க்க வேண்டும். கிரீடமும் நகையும் முதலில்; முகம் பிறகு; வானம் கடைசியில். ஆகவே ஏகநாதன் விட்டுப்போன கண்ணாடியில் தங்கரேக்கு ஒட்டிய கிரீடம் இருந்தது. அதன் கீழே யாருமில்லை.

கிரீடம் எதற்கு? அரசனை அடையாளம் காட்ட என்பார்கள். காட்டில் சடைமுடியோடு நின்றவரையும் ராமர் என்றுதானே கும்பிடுகிறோம்? பரதன் பாதுகைக்கல்லவா சிம்மாசனம் கொடுத்தான்? மேரி என்கிற நகரசபை ஆபீசில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் குடியரசு அம்மாள் சிலைக்குத் தலையில் குல்லாதான். "ராசா தலையயே வெட்டினவங்கடி, கிரீடத்த எங்க வெப்பாங்க?" என்பார் ஏகநாதன். அப்படியானால் கிரீடம் என்பது

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

3

படத்தைச் சொல்லி வைத்திருந்தவர் கரும்புத் தோட்டக்கார உலகநாதன். வெள்ளிக்கிழமை அவருக்குப் புதுவீடு குடிபுகுதல். பதினேழாம் நாள் வந்தார். கண்ணாடியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கிரீடத்தின் கீழே அவருடைய மீசை.

[கணவன் செத்த பதினேழாம் நாள் சிரித்தாள் என்று எழுதலாமா?] சிரித்தாள்.

"இன்னாம்மா சிரிக்கற? வில்லியனூர் செல்லப்பன வரச் சொல்லிட்டேன். மூஞ்சியப் போட்டு முடிச்சிடுவான்."

"அப்புறம் அது எங்க வூட்டுக்காரர் ராமர் இல்லீங்களே."

"கிரீடந்தாம்மா முக்கியம். மூஞ்சிய எவன் போட்டா இன்னா?"

"அப்ப கிரீடத்தோட மட்டும் எடுத்துனு போங்க."

"வெறுங் கண்ணாடியக் கும்பிடச் சொல்றியா?"

அந்த வெற்றிடத்தில் அவள் தினமும் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வாள்?

4

முடிவு ஒன்று: கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

முடிவு இரண்டு: அவளே தூரிகையை எடுத்தாள். (பொய். எனக்கு நிறம் குழைக்க மட்டுமே தெரியும்.)

முடிவு மூன்று: கொடுக்கவில்லை. கிரீடம் இருந்தது, ராமர் வரவேயில்லை. ஏகநாதன் ஆசைப்பட்டது இதையா?

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. செல்லப்பன் நிறக்கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறார். நீங்களே உள்ளே கூப்பிடுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள்.

எதைச் செய்தாலும், கிரீடத்தில் இடப்பக்கம் நான்கு சிவப்புக் கல், வலப்பக்கம் மூன்று; நான்காவது அவர் வைக்காமல் விட்டது.