பின்பக்கமாக நடந்தவள்

அலுவலக மாடிப்படியில் அவள் வழுக்கி விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, எலும்பும் நரம்பும் சரி என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. வலது கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் ஓர் அடி வை என்றால் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டு நின்றது. "மனசு சொல்றது காலுக்குப் போய்ச் சேரல. நீங்க நடிக்கலன்னு எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர். நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதில் மனசு என்ற ஒரு சொல்தான் அவள் வீட்டுக்காரர் காதில் ஏறியது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பழுது என்றால் அவருக்கு ஏதாவது ஒரு பாகம் தேய்ந்திருக்க வேண்டும். "பாகமெல்லாம் நல்லா இருக்குன்னா அப்புறம் என்ன? வேலைக்குப் போகப் பிடிக்கல, நடிக்கிறா," என்று அவர் தம்பியிடம் போனில் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். படியில் விழுந்ததைவிட அதுதான் வலித்தது.

அன்று மதியம் பால் கொட்டிவிட்டது. அவள் தொழிலே தரை துடைப்பது. பார்த்துக்கொண்டு உட்கார அவளால் ஆகுமா? சுவரைப் பிடித்து எழுந்து, மாப்பை எடுத்து, ஈரத்தை மிதிக்காமல் வழக்கம்போலப் பின்பக்கமாகவே நகர்ந்து துடைத்தாள். கதவு முதுகில் இடித்தபோதுதான் உறைத்தது. இரண்டு காலும் நடந்திருக்கின்றன. முன்னால் வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பின்னால் வைத்தாள். சமர்த்தாகப் போனது.

சிரிப்பு வந்தது. கூடவே வீட்டுக்காரர் நினைப்பும். இதைப் பார்த்தால் அவர் நடிப்பு என்று முத்திரையே குத்திவிடுவார். பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடலாம், பார்த்தவர் யாருமில்லை. ஆனால் மறைத்தால்தானே அது நடிப்பு?

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நடந்து காட்டினாள்.

"அப்ப இத்தனை நாளா..."

"நடிச்சேன்னு சொல்லணுமா? சொல்லிடுங்க. காலும் என்னோடதுதான், மனசும் என்னோடதுதான். ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது, நான் என்ன செய்ய? பேசுற வரைக்கும் இப்படியே நடக்கிறேன். நாளைக்கு வேலைக்குக் கிளம்புறேன். பின்னால என்ன வருதுன்னு பார்க்க ஆள் வேணும். வர்றீங்களா, தனியாப் போகட்டுமா?"

அவர் வந்தார். காலையில் தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் வீட்டைப் பார்த்தபடி பின்பக்கமாகப் போக, அவர் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மேடு பள்ளம் சொல்லிக்கொண்டு வந்தார். மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னங்க, வீட்டம்மா ஏதோ விளையாட்டுக் காட்டுறாங்க?" என்றார்.

அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. என்ன சொல்லப் போகிறாரோ?

"விளையாட்டு இல்லைங்க," என்றார் அவர். "அவளுக்குக் கால் முன்னால வரல. நடக்கப் பழகுறா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிற்கவில்லை, அடுத்த அடியையும் பின்னால் வைத்தாள்.