வெண்ணிலா கட்டிய அங்கன்வாடி

சேலத்துக் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வெண்ணிலா பாடம் நடத்திவந்தாள். அவளிடம் படித்தவர்கள் கட்டிய வீடுகள் கோயம்புத்தூரிலும் துபாயிலும் நிற்கின்றன. அவள் கட்டியது என்று காட்ட ஒரு மாட்டுக்கொட்டகைகூட இல்லை. ஆராய்ச்சி, கருத்தரங்கு, விடைத்தாள் என்றே காலம் ஓடிவிட்டது. நாற்பத்தாறாவது வயதில்தான் முதல் கட்டடம் வாய்த்தது. அதுவும் அவள் பிறந்த மலைக் கிராமமான கொட்டச்சேட்டில், ஓர் அறக்கட்டளையின் பணத்தில் எழுந்த அங்கன்வாடி.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் வளர்ந்தவள் அவள். வீட்டுக்கு ஒரே ஜன்னல், பகலிலும் விளக்கு. அந்த இருட்டின் மேல் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் வரைபடத்தில் வந்து இறங்கியது. மேற்குப் பக்கம் முழுவதும் செங்கல்லை இடம்விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர். காற்றும் வெளிச்சமும் கேட்காமலே உள்ளே வரும். கட்டிக்கொடுத்தது அவளுடைய தம்பி, மேஸ்திரி சக்திவேல்.

ஜனவரியில் திறப்புவிழா. ஜாலி வழியாக விழுந்த வெயிலில் குழந்தைகள் விளையாடும் படம் ஒரு கட்டடக்கலை இதழின் அட்டையில் வந்தது. ஜூலையில், விருதுக்கான கடைசிப் பட்டியலில் அங்கன்வாடி இருப்பதாகக் கடிதம் வந்தது. நடுவர்கள் மூன்று பேர் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள்.

ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று புதன்கிழமையே காரை எடுத்துக்கொண்டு மலையேறினாள். அடிவாரத்தில் வெயில், பாதி வளைவு தாண்டுவதற்குள் வைப்பர் போடவேண்டியதாயிற்று.

அங்கன்வாடிக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜாலிச் சுவரைக் காணோம். மேலிருந்து கீழ்வரை நீலத் தார்ப்பாய். கூடத்தில் ஒரு குழந்தையும் இல்லை. பன்னிரண்டு பேரும் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில், சாமான் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மாற்றி மாற்றி இருமினார்கள்.

"அய்யோ மேடம், வெள்ளிக்கெழமதான வர்றதாச் சொன்னாங்க!" என்று எழுந்தாள் அங்கன்வாடி டீச்சர் கலா.

"இதென்ன கலா?"

"சாரல் உள்ளார வந்துருதுங்க. மூடுபனியும் அப்படியே வந்து உக்காந்துக்குதுங்க. விரிச்ச பாய் காயறதே இல்லீங்க. நாளைக்கி அவுத்துருவோமுங்க. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சக்திவேலண்ணன் நொம்பச் சொல்லுச்சுங்க. தார்ப்பாய் வாங்கியாந்து கட்டுனதும் அதுதானுங்க."

சக்திவேல் பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வெண்ணிலா அங்கே போய்ச் சாரத்தின் அடியில் நின்று, "கீழ எறங்குடா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஜாலி அடுக்கறப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க்கா. மேக்கால இருந்துதான் சாரலடிக்கும்னு இங்க எந்த மேஸ்திரியக் கேட்டாலும் சொல்லுவானுங்க்கா."

"அப்பறம் ஏண்டா வாயத் தொறக்கல?"

சக்திவேல் விரலில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினான். "நீங்க அந்தப் படத்த விரிச்சுக் காட்டுனப்ப உங்க மொகத்தப் பாத்தனுங்க்கா. பத்தாவதுல பஸ்ட்டு வந்துட்டு ஊட்டுக்கு ஓடியாந்தீங்களே, அதே மொகம். எப்படிங்க்கா சொல்றது?"

திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுதான் மிஞ்சியது.

"கொழந்தைங்க இருமுதுடா."

"அதாங்க்கா தார்ப்பாய் கட்டுனேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கியது. முதலாண்டு மாணவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடமே மழையும் காற்றும்தான். பதினேழு வயதுவரை இந்தச் சாரலில் நனைந்தவள், சமவெளியின் வெயிலுக்கு வரைந்து மலையில் கட்டிவிட்டாள். காரில் ஏறும்போது, "தார்ப்பாயை யாரும் அவுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. நடுவர்களைக் கூடத்துக்குள் அழைத்துப்போய்த் தார்ப்பாயின் ஒரு மூலையை அவளே தூக்கிப் பிடித்தாள். சாரல் அவர்கள் முகத்தில் அடித்தது. "இது என் தப்பு. இனிமேல்தான் சரிசெய்யணும்" என்றாள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவளை வெகுநேரம் பார்த்தார். விருது வேறு யாருக்கோ போயிற்று. கல்லூரி முதல்வர், "ஒரு மணி நேரம் கழட்டி வெச்சிருக்கலாமே மேடம்" என்று ஒரு வாரம் புலம்பினார்.

ஆகஸ்டில் அக்காவும் தம்பியும் வேலையைத் தொடங்கினார்கள். ஜாலிக்கு உட்புறம் சில்வர் ஓக் பலகையில் கதவுகள். வெயிலென்றால் திறக்கலாம், மூடுபனியென்றால் சாத்தலாம். கூரையை வெளியே நாலடி நீட்டி வரைந்திருந்தாள். சக்திவேல் தரையைப் பார்த்தபடி, "அஞ்சடி இருந்தா தேவலைங்க்கா" என்றான். அவள் அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்துத் திருத்தினாள்.

டிசம்பரில், கல்லூரியில் மாணவர்களின் வரைபடங்களை மதிப்பிடும் நாளில், வெளியிலிருந்து வந்த நடுவர்கள் வரிசையில் சக்திவேலையும் உட்காரவைத்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக இருந்தான். முதல் இரண்டு படங்களுக்கும் "நல்லாருக்குதுங்க" என்றான். மூன்றாவது படத்தின் முன்னால் நின்று, "ஏனுங்க கண்ணு, மழத்தண்ணி எங்குட்டுப் போவும்?" என்று கேட்டான். அதை வரைந்திருந்த ஹரிணி திருதிருவென விழித்தாள். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. பெயரில்லாமல் கடைசியாக மாட்டியிருந்த ஒரு படத்துக்கு வந்தவன், கிட்டே போய் எழுத்தைப் பார்த்தான். திரும்பி வெண்ணிலாவைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்தாள்.

"இது அக்கா போட்டதுங்க" என்றான் சக்திவேல், பிள்ளைகளைப் பார்த்து. "இருந்தாலுஞ் சொல்லிடறேனுங்க. இந்தப் படிக்கட்டு நொம்பச் செங்குத்துங்க."