யார் உட்காருவது?

தங்கையின் புருஷன் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்பது அக்காவுக்குக் கல்யாணத்தன்றே தெரியும். வீடு கட்டித் தருகிற காண்டிராக்டர் வேறு. அப்படிப்பட்டவரிடம் போய், நன்றாக எரித்து மாவாக அரைத்த உமிச்சாம்பலைச் சிமெண்டில் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம் என்று வாயைக் கொடுத்துவிட்டாள். கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவளின் வாய், சும்மா இருக்குமா?

மாப்பிள்ளை அதில் 'சிமெண்டுக்குப் பதில் சாம்பல்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். அரிசி ஆலையில் ஓசியில் அள்ளிவந்த கரியும் சாம்பலுமான குப்பையை அரைக்காமல் கொள்ளாமல் பாதிக்குப் பாதி கலந்து, சொந்த வீட்டுக்கே கூரை போட்டார். சிமெண்டைக் குறைத்துப் பூமியையே காப்பாற்றிவிட்டதாகத் தெருவெல்லாம் பீற்றல் வேறு.

கூரைக்குப் போட்ட அதே கலவை என்று சொல்லி அக்காவின் சோதனைக்கூடத்துக்கு அவர் அனுப்பிய கான்கிரீட் கட்டிகள் ஜம்மென்று பாரம் தாங்கின. தாங்காமல் என்ன? உடைத்துப் பார்த்தால் உள்ளே மருந்துக்குக்கூடச் சாம்பல் இல்லை. கூரையோ அடிப்பிடித்த பாத்திரம்போலக் கறுத்துக் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம்! அந்தக் கூரைக்கடியில் படுக்கப்போவது தங்கையும் கைக்குழந்தையும்.

கூரையைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளைப் பிரிக்கும் அன்று தங்கையோடு அக்காவும் போய் நின்றாள்.

"கூரை கெட்டியா இருக்கா, மாப்பிள்ளை?"

"யானையே நடக்கலாம், அண்ணி! உங்க லேபே சொல்லிருச்சே."

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அறை நடுவில் போட்டாள்.

"யானை வேணாம். நீங்க உக்காருங்க. மேஸ்திரி கம்பெல்லாம் பிரிக்கட்டும்."

மாப்பிள்ளை கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு... அவசரமா ஒரு போன் பேசணும். நீங்க ஆரம்பிங்க" என்று வாசலுக்கு நழுவினார். மகா வீரர்!

"அப்ப நான் உக்காரவா?" என்றாள் தங்கை. புருஷன் பேச்சுக்குத் தலையாட்டியே பழகியவள். இடுப்பில் குழந்தையோடு நாற்காலியை நோக்கி ஓரடி வைத்தாள்.

"ஏய், உள்ள போகாத!" என்று அலறினார் மாப்பிள்ளை.

மேஸ்திரி தலை குனிந்துகொண்டார். தங்கை நின்று, புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழந்தையை அக்காவிடம் கொடுத்தாள்.

"இதை இடிச்சிருங்க, மேஸ்திரி. முதல் அடியை இவரே அடிக்கட்டும்."