முதலிடத்து ஊரில் ஒரு பெஞ்சு

தனியாக வாழ்கிறவர்களுக்கு ஏற்ற ஊர்கள் என்று ஒரு பத்திரிகை வருடாவருடம் வரிசை போடும். அதில் இந்த ஊர் ஒருமுறை இரண்டாவதாக வந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். இங்கே நகராட்சி ஆணையருக்கு மானம் போய்விட்டது. எதில் மார்க் குறைந்தது என்று துருவித் துருவிப் பார்த்தார். ஒருவர் மட்டும் அமரும் வசதி என்ற தலைப்பில் கோட்டை விட்டிருந்தார்கள். மறுநாளே உத்தரவு பறந்தது. பொது இடத்தில் இரண்டு பேர் ஒட்டி உட்காரும் இருக்கை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

அந்த வேலை நகராட்சிப் பட்டறை வெல்டரின் தலையில் விழுந்தது. அவள் வேலையில் கெட்டிக்காரி, அதுதான் வினையாகப் போயிற்று. பூங்கா பெஞ்சுகளை நடுவில் அறுத்து, அறுத்த பக்கத்துக்குப் புதுக்கால் வைத்து, ஆளுக்கொரு மூலையில் போல்ட் போட்டு முடுக்கினாள். சினிமா அரங்கில் ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியைப் பிடுங்கினாள். பஸ்ஸிலும் அதே கதி. சாப்பாட்டுக் கடைகளில் சுவரைப் பார்த்து ஒற்றை மேசைகள் வந்தன. அடுத்த வருடம் ஊர் முதலிடத்துக்கு ஏறியது.

"நம்பர் ஒன் ஊராம்ல? பேப்பர்ல போட்டிருக்கான்," என்று அவளுடைய அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆகாததுங்க எல்லாம் அங்கதான் ஓடி வருதாம். அங்கயும் உனக்கு ஒருத்தன் அமையலன்னா, அப்படி என்னடி பண்ணிக்கிட்டு இருக்க?"

"பெஞ்சு அறுத்துக்கிட்டு இருக்கேம்மா."

அமையாமல் இல்லை. அவள் வசித்த கட்டடத்தின் மேல் மாடியில் பல்செட் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவளைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். யாருக்கோ செய்த பற்களை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு மாடிப்படியில் இறங்குவார், இவள் ஏறுவாள். "தண்ணி வருதா?" என்பார். "வருது சார்," என்பாள். இப்படியே இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. அவருக்கும் பிடித்திருக்கிறது என்று இவளுக்குத் தெரியும், ஆனால் அதை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. அந்த மாதிரிப் பேச்சை நின்றுகொண்டு பேச முடியாது என்பது அவள் கட்சி. நின்றால் தண்ணீர் வருகிறதா என்பதோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வார்த்தை தானாக வரும்.

ஒருமுறை டீக்கடையில் பக்கத்துப் பக்கத்து ஒற்றை மேசைகளைப் பிடித்துப் பார்த்தார்கள். இடையில் ஒரு ஆள் போகிற அளவு இடைவெளி. அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கடையே அவருடைய சித்தப்பாவின் ஈறு வீக்கத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது. வீட்டுக்குக் கூப்பிடலாமே என்பீர்கள். வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு கட்டில். ஒருவர் கட்டிலில் உட்கார வேண்டியிருக்கும், அது பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்படி நாளைக் கடத்திக்கொண்டிருக்கும்போதுதான் அவர் படியில் வைத்து அந்தக் குண்டைப் போட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுறேன், வெல்டரம்மா. வேற ஊருல வேலை கெடைச்சிருக்கு."

"எந்த ஊரு சார்?"

அவர் சொன்ன ஊர் பத்திரிகை போட்ட வரிசையில் கடைசி. "சரி சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து பட்டறைக்குப் போனாள்.

பெஞ்சை அறுக்கத் தெரிந்தவளுக்கு ஒட்டத் தெரியாதா? இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பற்ற வைத்து, தழும்பு தெரியாமல் தேய்த்து, சனிக்கிழமை மதியம் பூங்காவில் மரத்தடியில் இறக்கி முடுக்கினாள். ஒரு பாதியில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் பூங்கா பக்கம் வந்துவிட்டுப் போகச் சொல்லி அவருக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

அவருக்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சாமே என்று ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார், பக்கத்துப் பாதிக்கு ஆள் வருவதாக அவள் சொன்னதும் தன் முறை வரட்டும் என்று நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். மூன்றாமவர் எதற்கென்று கேட்காமலே நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் வரிசை பூங்கா வாசலைத் தாண்டிச் சாலைவரை போய்விட்டது, அத்தனையும் ஒண்டிக்கட்டைகள்.

அந்த நேரம் பார்த்து ஆணையர், மார்க் போட வந்திருந்த பத்திரிகை அம்மாளை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பெஞ்சைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் அவர் லேசுப்பட்ட ஆளா?

"இது புது வசதி, மேடம்," என்றார். "ஒரு பக்கம் ஆள் உட்காரலாம், மறுபக்கம் பை வெச்சுக்கலாம். பாருங்க, என்ன வரவேற்புன்னு!" பக்கத்தில் நின்ற காவலாளியிடம் குரலைத் தாழ்த்தி, "டோக்கன் குடுய்யா. ஒரு நேரத்துல ஒரு ஆள்தான்," என்றார்.

பத்திரிகை அம்மாள் காகிதத்தில் எதையோ குறித்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார், வெல்டரைப் பார்த்தார். "இங்க ஒக்காரலாமாம்மா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலியாக இருந்த பாதியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் அப்படியே உருகிப்போனார்.

"எத்தனை ஊருக்கு மார்க் போட்டாச்சு! பஸ் நல்லாருக்கா, கடை தொறந்திருக்கா, எல்லாம் பாத்திருக்கேன். பக்கத்துல ஒக்காந்து ஒரு வார்த்தை பேச ஆள் கெடைக்குமான்னு ஒரு ஊருலயும் பாத்ததில்ல. அதுக்குக் கட்டமே கெடையாது, தெரியுமா?" என்று மூக்கை உறிஞ்சினார். "எங்க அக்காகூடப் பேசி வருஷக்கணக்காச்சும்மா." அக்காவின் கதை தொடங்கியது. அது முடிகிற கதையாகத் தெரியவில்லை.

வெல்டருக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் வரிசையின் கடைசியில் பெட்டியும் கையுமாகப் பல்செட்காரர் வந்து நின்றுவிட்டார். டோக்கன்கூட வாங்கிக்கொண்டார், அப்படிப்பட்ட மனுஷன். பெட்டியைக் கீழே வைப்பதும் பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார். வரிசை நகரவில்லை.

இவருக்கு இடம் கிடைப்பதற்குள் பஸ் போய்விடும், அல்லது பஸ்ஸில் இவர் போய்விடுவார். அழுகிற அம்மாளின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெல்டர் எழுந்தாள். விடுவிடென்று வரிசை நெடுக நடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், போகாதீங்க. போய்த்தான் ஆகணும்னா நானும் வரேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."

நின்றுகொண்டேதான் சொன்னாள். வார்த்தை எங்கேயும் தடுக்கவில்லை.

அவர் காது மடல் சிவந்துவிட்டது. "அந்த ஊருல வெல்டருக்கு வேலை இருக்கான்னு விசாரிச்சேன்," என்றார். "நெறைய இருக்காம்."

"எப்ப விசாரிச்சீங்க?"

"போன வருஷம்."

"போன வருஷமா?"

"ஒக்காந்து பொறுமையா சொல்லலாம்னு..."

அவ்வளவுதான். அவளுக்கு வந்ததே ஆத்திரம். "ஒரு வருஷமா மனசுல வெச்சுக்கிட்டு என்கிட்ட தண்ணி வருதா, தண்ணி வருதான்னு கேட்டீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்குறீங்க, உங்க வாய்க்கு என்ன வந்துச்சு?" என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

"நீ மட்டும் என்ன சொல்லிட்ட?" என்று அவரும் விடவில்லை. சாரும் வெல்டரம்மாவும் பறந்துவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. இவர்கள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. வரிசையில் யாரும் நகரவில்லை. காவலாளி அடுத்த எண்ணைக் கூப்பிட்டான், ஒருவரும் போகவில்லை. இரண்டு பேர் உரிமையோடு சண்டை போடுவதைக் கேட்டு அவர்களுக்கு எத்தனையோ காலமாகிவிட்டது. பத்திரிகை அம்மாளும் பெஞ்சை விட்டு எழுந்து வந்து, பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, கூட்டத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.