மேல்வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

மேல்வீட்டுக்காரன் திறந்த சாப்பாட்டுக் கடைக்கு மேசை, நாற்காலி முதல் கல்லாப்பெட்டி வரை கீழ்வீட்டுத் தச்சர்தான் செய்து கொடுத்தார். மரம் வாங்கப் பட்டறையை அடகு வைத்தார். அவனோ பணம் தராமலே கடையை மூடிவிட்டான். தச்சர் வழக்குப் போட்டார். அவன் கோர்ட் பக்கமே வராமல் குடும்பத்தோடு வெளிநாடு போய், வழக்கில் தோற்றான். பணம் வந்தால் பட்டறை மீளும். இல்லாவிட்டால் ஏலம்.

ஜெயித்தது இங்கே, அவன் சம்பாதிப்பது அங்கே. இந்தத் தீர்ப்பைக் காட்டி அந்த ஊர் கோர்ட்டிலும் உத்தரவு வாங்க வேண்டுமாம். மொழிபெயர்ப்பு, முத்திரை, அங்கே ஒரு வக்கீல் என்று அலைந்ததில் தச்சரின் செருப்பும் தேய்ந்தது, வாயும் தேய்ந்தது. கடைசியில் அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"வழக்கு இருந்ததே அவருக்குத் தெரியாதாம்," என்றார் வக்கீல். "நோட்டீஸை வாங்கினது யாருன்னு கேக்கறாங்க."

நகலைத் திருப்பிக் காட்டினார். தச்சர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"என் கையெழுத்து மாதிரி இருக்கே," என்றாள் கூட வந்திருந்த அவர் மனைவி.

"மாதிரி என்ன மாதிரி. உன்னுதுதான்."

மேல்வீடு பூட்டியிருந்தால் சிலிண்டரோ பார்சலோ கீழே இவள்தான் வாங்கி வைப்பாள். இவள் இல்லாதபோது இவளுக்கு வருவதை மேல்வீட்டுக்காரி. நோட்டீஸ் வந்த அன்றைக்கு அடுப்பில் பால். கொண்டு வந்தவன் மேல்வீட்டுக்காரன் பெயரைச் சொல்லி இந்த வீடுதானே என்று கேட்டான். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள். வழக்குப் போட்டவர் பெண்டாட்டியே எதிராளிக்காகக் கையெழுத்துப் போட்டதைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று வக்கீல் சிரித்தார். தச்சர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நோட்டீஸ் அவன் கைக்குப் போனதென்று யாராவது சாட்சி சொன்னால் தப்பலாம் என்றார். இல்லையென்றால் வழக்கையே முதலிலிருந்து போட வேண்டும்.

"சாயங்காலமே அவன் பெண்டாட்டி கையில குடுத்தேனே," என்றாள் இவள்.

வீட்டுக்கு வந்ததும் மேல்வீட்டுக்காரிக்குப் போன் போட்டாள். பிள்ளைகள் படிப்பு, முட்டிவலி எல்லாம் விசாரித்தார்கள். அங்கே குளிரில் துணியே காய்வதில்லையாம். அதற்குப் பிறகுதான் இவளுக்கு விஷயத்தைக் கேட்க வாய் வந்தது.

"அன்னிக்கு ஒரு நோட்டீஸ் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இருக்குக்கா. அவர்கிட்ட குடுத்தேன். படிச்சிட்டுத்தான் டிக்கெட்டே போட்டார்."

"அதை அங்க கோர்ட்ல சொல்லுவியா?"

"சொல்லிட்டு எங்கக்கா போய் நிப்பேன்? அங்கன்னா படி இறங்கி உங்ககிட்ட வந்திருப்பேன். இங்க எனக்குக் கீழ்வீடு இல்லையே."

இவளுக்கு அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை. துணியை அடுப்புப் பக்கமாகக் காயப்போடச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

"மாட்டாளாமா?" என்றார் தச்சர்.

"மாட்டா. பாவம்."

"சரி. முதல்லேர்ந்தே போடச் சொல்லு."

"அதுக்குள்ள பட்டறை போயிடுமே."

"போயிடும்." தச்சர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஒண்ணுதான் நிம்மதி. இந்தத் தடவை நோட்டீஸ் அந்த ஊருக்கே போகும். உன் கைக்கு எட்டாது."