மூன்றாவது வார்த்தை

எப்சிக்கு நிற்பதென்றால் பயம். ஓடுவதற்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, இவளுக்கு நேர்மாறு. மாநில அணிக்கான தேர்வு நெருங்கிவிட்டது. பத்தாயிரம் மீட்டரில் இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இந்த நேரம் பார்த்தா இப்படி ஒரு பயம் வந்து தொலைய வேண்டும்.

புதுக் கோச் சுவாமிதாஸ் நெய்யாற்றின்கரைக்காரர். ஒரே பிடியாகப் பிடித்தார்.

"திரெஷோல்ட் ஓட்டத்த நாலு துண்டாட்டு ஓடு. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் நில்லு."

"ஒரே ஓட்டமாட்டு ஓடுதேன் சாரே. எனக்கு அதுதான் சரியாவும்."

"அத உனக்க காலுல்லா சொல்லணும். வீங்கிக் கெடக்கு பாத்தியா? சொன்னபடி ஓடேல்லன்னா உனக்க பேர அனுப்ப மாட்டேன்."

காரணத்தை அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்.

திரெஷோல்ட் என்பது பந்தயமும் இல்லை, உலாத்தலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம். அதைப் பிடிக்க எப்சியும் அவள் தோழி ஜீனாவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டே மூன்று வார்த்தை பேச வேண்டும். மூன்றாவது வார்த்தை வராமல் மூச்சு முட்டினால் வேகம் கூடிப்போயிற்று என்று அர்த்தம். பின்னால் ஓடிவரும் ஜீனா எப்போதும் ஒன்றைத்தான் சொல்வாள்: "எப்சி, மெதுவாட்டு ஓடு." இவள் எங்கே கேட்டாள். சர்ச் பாட்டுக் குழுவிலேயே எல்லோருக்கும் முன்னால் பாடி முடித்துவிடுகிற ஜென்மம்.

போன மழைக்காலத்தில், பனச்சமூடு போகும் ரோட்டில், ரப்பர் தோட்டத்து வளைவில், "எப்சி, மெதுவாட்டு" என்பதோடு அந்தக் குரல் நின்றுவிட்டது. அடுத்துக் கேட்டது கல் ஏற்றி வந்த டிப்பர் லாரியின் பிரேக் சத்தம்.

அதன் பிறகு எப்சி தனியாக ஓடுவதாக ஊர் நினைத்தது. அவளுக்கல்லவா தெரியும். பின்னால் காலடி கேட்கும். ஓடும்வரை அது பழைய தூரத்திலேயே வரும். ஒருநாள் ஷூ கயிறு கட்ட நின்றபோது காலடி நிற்கவில்லை. கிட்டே கிட்டே வந்து அவள் காதருகில் மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து, இடையில் நிற்கிற ஓட்டம் எதையும் அவள் தேர்ந்தெடுப்பதில்லை.

மறுநாள் காலையில் பனி இறங்கியிருந்தது. சுவாமிதாஸ் ஸ்கூட்டரில் வந்தார். சமமான ரோடு என்று அவர் பிடித்ததும் அந்தப் பனச்சமூடு ரோட்டைத்தான். வளைவு வருவதற்கு நிறையத் தூரம் உண்டு என்று எப்சி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் துண்டு முடிந்து விசில் அடித்தது. நின்றாள். காலடி வந்தது, கழுத்தில் மூச்சு பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை காலடி பின்னால் நிற்கவில்லை. அவளைக் கடந்து, முன்னால் போய் நின்றது. கண்ணைத் திறந்தால் ஈர ரோடும் பனியும்தான் தெரிந்தது.

சுவாமிதாஸ் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்பவும் முந்திப் போற, அதாக்கும் உனக்க கேடு. மத்தவளுக்க வேகத்துல ஒரு பிசகில்ல."

எப்சி சட்டென்று திரும்பினாள். "யாருக்க வேகம் சாரே?"

"உனக்க கூட ஓடுத பிள்ளதான். மஞ்சப் பனியன் போட்டவ. துணைக்கு ஆளு உண்டுன்னு சொல்லப்பிடாதா? கடைசித் துண்டுல அவ பின்னால ஓடு. தாண்டவும் பிடாது, விடவும் பிடாது."

அவர் ஜீனாவைப் பார்த்ததே இல்லை. ஜீனா ஓடும்போது போடும் மஞ்சள் பனியனை அவள் அம்மா சவப்பெட்டிக்குள் மடித்து வைத்ததை எப்சி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

விசில் அடித்தது. காலடி முன்னால் கிளம்பியது. எப்சியின் கால்கள் அவளைக் கேட்காமல் பின்னால் போயின. பயம்தான். ஆனால் பயத்தை மீறி ஒரு ஆசை வந்தது. இத்தனை வருடம் பின்னால் ஓடவிட்டவளோடு ஒரே ஒரு முறை சேர்ந்து ஓடிவிட வேண்டும். எப்சி எட்டிப் பிடிக்கப் பிடிக்கக் காலடி வேகம் கூடியது. ஸ்கூட்டர் எங்கோ பின்னால் தங்கிவிட்டது.

"அவள விடாத மக்கா" என்று கோச் கத்துவது கேட்டது.

பனி விலகியது. ரப்பர் தோட்டத்து வளைவு எதிரே வந்துவிட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு டிப்பர் ஹார்ன் அடித்தது. முன்னால் போகும் காலடி தளரவில்லை. நிற்க நினைத்தாள், கால் நிற்கவில்லை.

"ஜீனா, மெதுவாட்டு" என்றாள் எப்சி. மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு வரவில்லை.