வளர்க்க வேண்டிய அழுக்கு

துக்க வீட்டைப் பெருக்கும் நாளில் விதவை வாய் திறக்கக் கூடாது. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்த பெண்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவிவிட்டுப் போவார்கள். தொவெராவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வோங்கானியைக் காலரா கொண்டுபோயிருந்தது. கொல்லையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சடங்கு முடிந்து வெளியே வந்து பார்த்தால், மீன்தொட்டி வடிகட்டியின் பஞ்சு வெள்ளை வெளேரென்று கொடியில் காய்கிறது. தொவெரா அதைக் கையில் எடுத்தாள்.

"யாரு இதைத் தொவச்சது?"

"நான்தான் அண்ணி," என்றாள் நாத்தனார் தெம்வா. "ஒரே சேறு. குளோரின்ல போட்டு அலசினேன். தொட்டியையும் தேய்ச்சு வேற தண்ணி ஊத்திட்டேன். அண்ணன் பார்த்தா சந்தோஷப்பட்டிருக்கும்."

சந்தோஷப்பட்டிருக்குமாம்! வோங்கானி காலமெல்லாம் ஏரியில் முங்கி, பாறை இடுக்கில் நீல மீன் பிடித்து ஏற்றுமதிக்காரனிடம் கொடுத்தவன். தனக்கென்று ஒரு தொட்டி வைத்ததே இப்போதுதான். மீன் விடுவதற்கு முன்னால் எத்தனையோ நாள் வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். "புதுத் தொட்டில முதல்ல அழுக்கைத்தான்டி வளர்க்கணும்," என்பான். "மீன் கழிக்கிற விஷத்தை அதுதான் தின்னுது. அது இல்லேன்னா மீனு தன் கழிவுலயே சாகும்." பஞ்சு பழுப்பேறிய பிறகே ஏரியிலிருந்து மீன்களை மலைமேல் இருக்கும் இந்த ம்ஸூஸூ ஊருக்குக் கொண்டுவந்தான். கொஞ்ச நாளில் போயும் சேர்ந்தான். அவன் கையால் பிடித்ததில் மிச்சம் அவைதான். அவற்றையாவது சாகவிடக் கூடாது என்று தொவெரா வைராக்கியமாக இருந்தாள்.

மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. இரண்டு செத்து மிதந்தன. அழுக்கு மறுபடி வளரும்வரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. காலரா காலத்தில் குழாய்த் தண்ணீரிலோ குளோரின் நெடி தூக்கியடித்தது. மீனுக்கும் அந்த அழுக்குக்கும் அது விஷம். அகலச் சட்டியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். ஆனால் தெம்வா விட்டால்தானே? துக்கத்துக்கு வந்தவள் அண்ணிக்குத் துணையாகத் தங்கிவிட்டாள். சுகாதாரத் தொண்டர்கள் கொடுத்த குளோரின் பாட்டில் எப்போதும் அவள் இடுப்புத் துணியில் முடிந்திருக்கும். திறந்த தண்ணீர் எதைக் கண்டாலும் ஒரு மூடி ஊற்றிவிடுவாள்.

"இந்தச் சட்டியை மட்டும் விட்டுரு தெம்வா. மீனுக்கு வச்சிருக்கேன்."

"சாவு விழுந்த வீட்டுல தண்ணியைத் தொறந்து போட்டு வைக்கிறீங்களே அண்ணி, புத்தி கெட்டுப்போச்சா?"

"உங்க அண்ணன் புடிச்ச மீனுடி."

"எங்க அண்ணனைக் கொன்னதும் தண்ணிதான்."

தொவெரா சட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

ஒளித்து வைத்தது பலித்தது. பஞ்சு மெல்லப் பழுப்பேறியது. மீன்கள் அடியில் நீந்தின, இரை எடுத்தன. ஒன்று மட்டும் தின்னாமல் ஒதுங்கியிருந்தது. அதன் தொண்டை உப்பியிருந்தது. வாய்க்குள் முட்டையை வைத்து அடைகாக்கும் சாதி அது. தொவெரா தன் மகள் யெவோவைத் தூக்கி அதைக் காட்டினாள். புருஷன் போனபின் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் சட்டியை இழுத்துத் தொட்டியில் ஊற்றினாள். வீடு முழுக்க குளோரின் நாற்றம். தண்ணீரில் இருந்ததை மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? மீன்கள் வெறிபிடித்தாற்போலக் கண்ணாடியில் மோதின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. உப்பிய தொண்டைக்காரி கடைசியாகப் போனாள். அதுவரை வாயைத் திறக்கவே இல்லை.

தெம்வா கதவருகே நின்றிருந்தாள்.

"நீதானே?"

"ஆமா."

"உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? படுபாவி, எத்தனை தடவை!" தொவெராவுக்கு அவளை அப்போதே தெருவில் பிடித்துத் தள்ளவேண்டும் போலிருந்தது.

"நேத்து சாயந்திரம் யெவோ கட்டிலுக்கு அடியில பூந்து உக்காந்திருந்தா அண்ணி," என்றாள் தெம்வா. "கையில குவளை. அந்தத் தண்ணியை மொண்டு மொண்டு குடிச்சுக்கிட்டிருந்தா. அதுக்கப்புறந்தான் ஊத்தினேன். ரெண்டு மூடி ஊத்தினேன். சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னுதான் சொல்லல."

தொவெரா தொட்டியை விட்டு ஓடினாள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை உருட்டி எழுப்பினாள். வயிற்றைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள், உதட்டைத் தொட்டாள். அன்று முழுக்க மடியை விட்டு இறக்கவில்லை. குழந்தை தும்மினாலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் யெவோ மடியிலிருந்து தானாக இறங்கிப் போய் கஞ்சி கேட்டாள். கேட்டு வாங்கி, வழித்துக் குடித்தாள்.

அப்போதுதான் தொவெரா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ செஞ்சது சரிதான் தெம்வா," என்றாள். "ஆனா கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத. ஊருக்குப் போயிரு."